நீல வானத்தில் ஏன் இத்தனை நாய்ஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பளீரென்று வெயில் அடிக்கும் நடுப்பகல். மேகமே இல்லாத வானம். ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவும் 100தான். ஆனால் கணினியில் படத்தைப் பெரிதாக்கினால் வானம் முழுக்க மணலை அள்ளித் தூவியதுபோல் நறநறவென்று இருக்கிறது. படம் எடுக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் சந்தேகம் இது. அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். 'இரைச்சல்' என்ற நல்ல தமிழ்ச் சொல் உண்டு. ஆனாலும் கேமரா பிடிக்கிறவர்கள் வாயில் புழங்குவது 'நாய்ஸ்' என்பதால் அதையே வைத்துக்கொள்கிறேன்.

வெயிலும் நன்றாக இருக்கிறது, ஐஎஸ்ஓவும் குறைவு. பிறகு எங்கிருந்து வருகிறது இந்த நாய்ஸ்?

பெரும்பகுதி ஒளியிலிருந்தே வருகிறது. ஒளி, குழாய்த் தண்ணீர் போல ஒரே சீராக வருவதில்லை. மழைத்துளி போலத் தனித்தனியாக விழுகிறது. மழை பெய்யும்போது வெட்டவெளியில் ஒரே அளவுக் கிண்ணங்களை வரிசையாக வைத்துச் சிறிது நேரம் கழித்து எடுத்தால், எல்லாக் கிண்ணத்திலும் ஒரே எண்ணிக்கையில் துளிகள் இருக்காது. சராசரி 100 என்றால் ஒன்றில் 92 இருக்கும், பக்கத்துக் கிண்ணத்தில் 107 இருக்கும். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் அப்படியொரு கிண்ணம்தான்.

இந்த ஏற்ற இறக்கம், விழுந்த துகள்களின் எண்ணிக்கையுடைய வர்க்கமூலம். 100 ஒளித்துகள் கிடைத்த பிக்சலில் அது 10, அதாவது 10 சதவீதம். 10,000 கிடைத்த பிக்சலில் 100, அதாவது வெறும் 1 சதவீதம். ஆக, எங்கே ஒளி குறைவாகச் சேர்ந்ததோ அங்கே நாய்ஸ் துருத்திக்கொண்டு தெரியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கேமராவும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

இன்னொரு காரணம், வானத்தில் நாய்ஸ் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அதே படத்தின் செங்கல் சுவரிலும் புல்தரையிலும் மரப்பட்டையிலும் நாய்ஸ் இருக்கத்தான் செய்கிறது. அங்கே இருக்கும் சொரசொரப்போடு அது கலந்துவிடுவதால் கண்ணுக்குப் படுவதில்லை. வானம் துடைத்துவிட்ட தரை மாதிரி. சின்னப் பொட்டு விழுந்தாலும் தெரிந்துவிடும்.

வானம் நீலம்தானே? நீல ஒளி நிறையக் கிடைக்கும்போது நாய்ஸ் ஏன் வரவேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். டிஜிட்டல் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிற அடுக்குகளால் ஆனது; ஒவ்வொன்றும் ஒரு சேனல். நீல வானத்தில் நாய்ஸ் நீல சேனலிலிருந்து வருவதில்லை. சிவப்பு சேனலிலிருந்து வருகிறது.

காற்றின் மூலக்கூறுகள், அலைநீளம் குறைந்த ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கின்றன. இதை 1871இல் கணக்கிட்டுக் காட்டியவர் பின்னாளில் ராலே பிரபு ஆன ஜான் வில்லியம் ஸ்ட்ரட். சிதறல், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 450 நானோமீட்டர் நீலம், 650 நானோமீட்டர் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் அதிகமாகச் சிதறுகிறது. அதனால்தான் வானம் நீலம். அதனால்தான் அங்கே சிவப்புக்குப் பஞ்சம்.

இந்தப் பஞ்சத்தைக் கேமரா இன்னும் கூட்டிவிடுகிறது. கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்புதான் இன்றும் பெரும்பாலான சென்சார்களின் மேல் இருக்கிறது. அதில் பிக்சல்களில் பாதி பச்சைக்கு, கால் பங்கு நீலத்துக்கு, கால் பங்குதான் சிவப்புக்கு. சென்சார் சிவப்பைப் பச்சையைவிடக் குறைவாகவே பதிவதால், பகல் ஒளிக்கான ஒயிட் பேலன்ஸில் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறங்களைச் சமன்செய்வது) சிவப்பு மதிப்புகளை ஏறத்தாழ இரண்டு மடங்காகப் பெருக்குகிறார்கள். பெருக்கும்போது அதிலிருக்கும் நாய்ஸும் சேர்ந்தே பெருகும். அதோடு முடியவில்லை. சிவப்பு வடிகட்டி வழியாகக் கொஞ்சம் பச்சை ஒளியும் கசிந்து வரும். சரியான நிறம் கிடைக்க அந்தக் கசிவைக் கழிக்க வேண்டும். கழித்தால் சிவப்பின் மதிப்பு குறையும். நாய்ஸோ குறையாது, இரண்டு சேனல்களின் நாய்ஸும் ஒன்றுசேரும். ஏற்கெனவே மெலிந்தவன் தலையில் மூட்டைமேல் மூட்டை.

நம் கண் வேறு இதற்கு ஒத்துழைக்கிறது. ஒரு பிக்சலின் வெளிச்சத்தைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரத்தில் நீலத்தின் பங்கு ஏறக்குறைய 7 சதவீதம். சிவப்பின் பங்கு 21. நீல சேனல் கொஞ்சம் ஆடினால் கண் கவனிக்காது. சிவப்பு ஆடினால் உடனே கண்டுபிடித்துவிடும்.

என் படத்திலும் அப்படித்தானா என்று எப்படிப் பார்ப்பது?

போட்டோஷாப்பிலோ கிம்ப்பிலோ படத்தைத் திறந்து சேனல் பலகைக்குப் போங்கள். நீலத்தை மட்டும் காட்டச் சொல்லுங்கள்: வானம் வெளிர்ந்து, வழவழப்பாக இருக்கும். பச்சை: பரவாயில்லை. அடுத்து சிவப்பு மட்டும்: வானம் கறுத்து, உப்புத்தாள் போலச் சொரசொரவென்று நிற்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் "இது அதே படம்தானா?" என்று கேட்பார்கள்.

எண்களிலும் பார்க்கலாம். வானத்தில் ஓரிடத்தில் சிவப்பு 70, பச்சை 130, நீலம் 200 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். 70க்கும் 200க்கும் மூன்று மடங்கு வித்தியாசம்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் திரை காட்டும் எண்கள் கண்ணுக்கேற்ப வளைத்து எழுதப்பட்டவை. உண்மையான ஒளி அளவுக்கு மாற்றினால் சிவப்பு, நீலத்தில் ஒன்பதில் ஒரு பங்குகூட இல்லை. சுட்டியை மெல்ல நகர்த்தினால் நீலம் 199, 201, 200 என்று அடக்கமாக இருக்கும். சிவப்பு 70, 61, 78, 66 என்று துள்ளும். அந்தத் துள்ளல்தான் நீங்கள் பார்க்கும் மணல்.

வானம் மிக அடர்த்தியான நீலமாக இருந்தால் இன்னொரு விபரீதமும் நடக்கும். எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிறவெளிக்குள், அதாவது அது காட்டக்கூடிய நிறங்களின் எல்லைக்குள், அந்த நீலம் அடங்காமல் சிவப்பு அங்கங்கே சுழியத்தில் முட்டி நிற்கும். அப்போது மணலோடு திட்டுத்திட்டாகவும் தெரியும். எடிட் முடியும்வரை அகலமான நிறவெளியில், அடோபி ஆர்ஜிபியிலோ புரோபோட்டோவிலோ வேலை செய்துவிட்டு, கடைசியில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள்.

வானத்தில் தெரிவதெல்லாம் நாய்ஸ்தானா?

இல்லை. மருந்து வேறு என்பதால் நோயைப் பிரித்தறிவது முக்கியம். நாய்ஸ் என்பது ஒழுங்கில்லாத நுண்மணல். அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒரே இடத்தில் இருக்காது. மங்கலான சாம்பல் வட்டம் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் அது சென்சார் மேல் உள்ள தூசி. எஃப் 16, எஃப் 22 என்று லென்ஸின் ஒளித்துளையான அபர்ச்சரைச் சுருக்கும்போது பளிச்சென்று தெரியும். நிறம் படிப்படியாக மாறாமல் பட்டை பட்டையாக நின்றால் பேண்டிங். மரக்கிளையை ஒட்டிச் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரிந்தால் ஜேபெக் சுருக்கத்தின் வேலை. ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது. தூசிக்குச் சென்சாரைத் துடைக்க வேண்டும், ஜேபெக் கட்டத்துக்குத் தரத்தைக் கூட்டிச் சேமிக்க வேண்டும். இரண்டுக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுப் படத்தைக் கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எடுக்கும்போதே குறைக்க என்ன செய்வது?

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். சென்சாரில் ஒளி சேரவேண்டும். நான் மென்பொருளைப் பற்றிப் பின்னால் எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

சூரியனுக்கு எதிர்ப்பக்கத்துத் தெளிந்த வானம் கிட்டத்தட்ட நடுச்சாம்பல் அளவு வெளிச்சம் உடையது. கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் அதை நடுவில்தான் வைக்கும். அதாவது வானத்துக்கு மேலே இன்னும் நிறைய இடம் காலியாகக் கிடக்கிறது. சென்சார் பதிவதை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் எடுக்கிறீர்கள் என்றால் அந்த இடத்தைப் பயன்படுத்துங்கள். ஒரு ஸ்டாப் கூட்டி எடுத்தால் இரண்டு மடங்கு ஒளி. நாய்ஸோடு ஒப்பிட்ட தரம் 1.4 மடங்கு மேம்படும். பிறகு மென்பொருளில் ஒரு ஸ்டாப் இறக்கினால் வானம் பழைய நீலத்துக்கு வந்துவிடும், மணல் குறைந்திருக்கும்.

இதில் கண் வைக்கவேண்டிய இடம் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் நீலக்கோடு. வானத்தில் முதலில் நிரம்பி வழிவது நீல சேனல். அது வலது ஓரத்தில் மோதிவிட்டால் வானம் வெளிறி, பச்சை கலந்த ஒரு நீலமாகத் திரிந்துவிடும்; பிறகு எவ்வளவு இறக்கினாலும் அந்த அழகு திரும்பாது. கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் ஜேபெக்கை வைத்துப் போடப்படுவது என்பதால் ராவில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் இடம் இருக்கும். ஆனாலும் ஓரத்தைத் தொடாமல் நிறுத்துவதுதான் என் பழக்கம். வெள்ளை மேகங்கள் இருந்தால் அவைதான் எல்லை. மேகத்தை எரித்துவிட்டு வானத்தைக் காப்பாற்றுவதில் பயனில்லை. ஜேபெக் மட்டுமே எடுக்கிறவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம், சரியான எக்ஸ்போஷரே (சென்சாரில் விழவிடும் ஒளியின் அளவு) போதும்.

இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு ஏற்றுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். பறக்கும் பறவைகளை எடுப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பிரகாசமான வானத்தைப் பார்த்து மீட்டர் எக்ஸ்போஷரைக் குறைத்துவிடும், பறவை கறுத்துப்போகும். அதை இரண்டு ஸ்டாப் ஏற்றினால் வானமும் சேர்ந்து ஏறி, மணல் முழுக்க மேலே வந்துவிடும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை முன்பே ஒரு ஸ்டாப் கூட்டி வைத்தால் பறவையின் அடிவயிற்று இறகும் தெரியும், வானமும் தெளியும்.

ஐஎஸ்ஓ 50 இருக்கிறதே, அதில் எடுத்தால் இன்னும் நல்லதா?

பல கேமராக்களில் 50 என்பது நீட்டிக்கப்பட்ட அளவு. அடிப்படை ஐஎஸ்ஓ 100இல் ஒரு ஸ்டாப் கூட்டி எடுத்து, பிறகு இறக்கிக்கொடுப்பதைத்தான் கேமரா உள்ளே செய்கிறது. மேலே சொன்ன வேலையை அதுவே செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேகங்கள் எரிந்துபோகும் ஆபத்தும் கூடவே வரும். நிக்கான் டி850 போலச் சிலவற்றில் அடிப்படையே 64. அங்கே 64 உண்மையான 64தான்.

கேமரா மெனுவில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு, பட்டுத் தெரிந்துகொண்டது. ஒருமுறை நாள் முழுக்க மலைமேல் படம் எடுத்துவிட்டு வந்து பார்த்தால், ஒவ்வொரு படத்திலும் வானம் வழக்கத்தைவிடச் சொரசொரப்பாக இருந்தது. லென்ஸைச் சந்தேகப்பட்டேன், சென்சாரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால், வெண்பகுதிகளைக் காப்பாற்றும் வசதி மெனுவில் இயக்கத்தில் இருந்திருக்கிறது. ஐஎஸ்ஓவை 200க்குக் கீழே இறக்க முடியாமல் இருந்ததும் அதனால்தான். காலையிலேயே அதைப் பார்த்தும் ஏன் என்று யோசிக்கவில்லை.

இந்த வசதிக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. உள்ளே நடப்பது இதுதான்: மேகங்கள் எரியாமலிருக்கக் கேமரா ஒளியைக் குறைத்து எடுக்கிறது, பிறகு நடுத்தர வெளிச்சத்தையும் நிழலையும் ஏற்றிக்கொடுக்கிறது. நீல வானம் இருப்பது சரியாக அந்த நடுத்தரத்தில். திருமண உடையின் வெள்ளைக்கு இது நல்ல கருவி. வெறும் வானத்துக்கு வேண்டாம்.

போலரைசர் போட்டால் நாய்ஸ் கூடுமா?

கூடலாம். போலரைசர், லென்ஸின் முன் மாட்டும் ஒரு வடிகட்டி. சூரியனிலிருந்து 90 பாகை தள்ளியிருக்கும் வானத்தில்தான் அதன் வேலை அதிகம். அந்த இடத்தை அது கறுப்பாக்குகிறது. ஏற்கெனவே மெலிந்திருந்த சிவப்பு அங்கே இன்னும் மெலிகிறது. அத்தோடு வடிகட்டியே ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியைத் தின்றுவிடும். ஆட்டோ ஐஎஸ்ஓவில் இருந்தால் சத்தமில்லாமல் ஐஎஸ்ஓ ஏறிவிடும்.

அதற்காக நான் போலரைசரை ஒதுக்கவில்லை. மங்கலை வெட்டி அது தரும் நிறத்தை எந்த ஸ்லைடரும் தராது. ஐஎஸ்ஓவை 100இல் பூட்டி, ஷட்டரை மெதுவாக்கி, வடிகட்டியை முழு வீச்சுக்குத் திருப்பாமல் பாதியில் நிறுத்துங்கள். அகலக்கோண லென்ஸில் முழுக்கத் திருப்பினால் வானம் ஒருபக்கம் கறுத்து ஒருபக்கம் வெளுத்துத் தெரியும் என்பதால் அங்கே பாதிதான் சரி.

எடிட் செய்யும்வரை நன்றாக இருந்தது. வானத்தை அடர் நீலமாக்கியதும் நாய்ஸ் பொங்கிவிட்டதே?

எந்த ஸ்லைடரை இழுத்தீர்கள் என்று சொன்னாலே போதும். பத்தில் ஒன்பது பேர் நீலத்தின் லூமினன்ஸை (வெளிச்ச அளவை) இடதுபக்கம் இழுத்திருப்பார்கள். அந்த ஸ்லைடர் ஒவ்வொரு பிக்சலையும் பார்த்து 'நீ எவ்வளவு நீலம்?' என்று கேட்டு, அந்த அளவுக்கு இருட்டாக்குகிறது. நாய்ஸால் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் வேறு வேறு பதில் சொல்லும். ஒன்று நிறைய இருண்டுவிடும், அடுத்தது கொஞ்சம்தான் இருளும். முன்பு நிறத்தில் மட்டும் இருந்த தடுமாற்றம் இப்போது வெளிச்சத்துக்கும் ஏறிவிடுகிறது. இதே காரணத்தால்தான் மலை விளிம்பில் வெள்ளைக்கோடும் விழுகிறது.

மாற்று வழி எளிது. வானத்துக்கு மட்டும் ஒரு மாஸ்க் (தேர்ந்த பகுதியில் மட்டும் மாற்றம் படவைக்கும் மறைப்பு) போட்டு, எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் இறக்குங்கள். எல்லாப் பிக்சலும் ஒரே விகிதத்தில் இருளும், மணல் கூடாது. நிறம் இன்னும் வேண்டுமென்றால் ஒயிட் பேலன்ஸை அந்த மாஸ்க்குக்குள் கொஞ்சம் நீலத்தின் பக்கம் தள்ளுங்கள்.

கிளாரிட்டி, டிஹேஸ், டெக்ஸ்ச்சர் மூன்றும் பக்கத்துப் பக்கத்து வேறுபாட்டைப் பெரிதாக்கும் கருவிகள். வானத்தில் இருக்கும் ஒரே நுண்வேறுபாடு நாய்ஸ்தான் என்பதால் அதைத்தான் பெரிதாக்கும். தரைக்குப் போடுங்கள், வானத்தை விலக்குங்கள். லென்ஸின் ஓர இருட்டைச் சரிசெய்யும் வசதியும் மூலைகளை ஒரு ஸ்டாப்புக்கு மேல் ஏற்றக்கூடும். மூலையில் மட்டும் மணல் அதிகமாகத் தெரிந்தால் அங்கே போய்ப் பாருங்கள்.

கறுப்பு வெள்ளையாக மாற்றினால் வானம் இன்னும் மோசமாகிறது. ஏன்?

கறுத்த வானம் வேண்டி சிவப்பு வடிகட்டி அமைப்பைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அது ஏறக்குறைய சிவப்பு சேனலை மட்டுமே எடுத்துப் படமாக்குகிறது. இருப்பதிலேயே மோசமான சேனலை. சிவப்பின் பங்கைக் குறைத்துப் பச்சையைக் கொஞ்சம் சேர்த்துவிட்டு, மீதி இருட்டை மாஸ்க் வழியாகக் கொடுங்கள். கறுப்பு வெள்ளையில் கொஞ்சம் மணல் இருப்பது எனக்குப் பிடிக்கும், அதை வழித்தெடுக்க நான் மெனக்கெடுவதில்லை.

ஷார்ப்பனிங்கும் காரணமாக இருக்குமா?

நிச்சயம். அடோபியின் லைட்ரூம் மென்பொருள் ரா கோப்புக்குத் தானாகவே 40 அளவு ஷார்ப்பனிங் போடுகிறது. அதில் மாஸ்க்கிங் சுழியத்தில் இருப்பதால் வானமும் சேர்ந்து கூர்மையாகும். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க்கிங் ஸ்லைடரை இழுங்கள். திரை கறுப்பு வெள்ளையாகும். வானம் முழுக்கக் கறுப்பாகும் இடத்தில் கையை எடுங்கள். பெரும்பாலும் 60க்கும் 80க்கும் இடையில் நிற்கும். சிலருக்கு இந்த ஒன்றிலேயே பிரச்சினை பாதி தீர்ந்துபோகும்.

நாய்ஸ் ரிடக்‌ஷனை எப்படிப் போடுவது?

நாய்ஸ் இரண்டு வகை. நிறப் பொட்டுகளாகத் தெரிவது ஒன்று, வெளிச்ச மணலாகத் தெரிவது இன்னொன்று. நிற நாய்ஸை நீக்கினால் பெரிதாக எதையும் இழக்கமாட்டோம். லைட்ரூம் அதற்கு ராவில் தானாகவே 25 போட்டு வைத்திருக்கிறது, வானத்துக்கு அது போதும். வெளிச்ச நாய்ஸுக்கான ஸ்லைடர்தான் விவரத்தைத் தின்னும். அதைப் படம் முழுக்கப் போட்டால் இலைகள் மெழுகில் செய்தவைபோல் ஆகிவிடும். வானத்தை மாஸ்க் செய்து அதற்குள் மட்டும் போடுங்கள். காசில்லாமல் கிடைக்கும் டார்க்டேபிளிலும் இதைச் செய்யலாம்; கேமராவுக்கும் ஐஎஸ்ஓவுக்கும் ஏற்ப முன்பே அளந்து வைத்த விவரங்களைக் கொண்டு நாய்ஸ் நீக்கும் வசதி அதில் இருக்கிறது.

என் கைவசம் இருக்கும் பழைய வழி ஒன்று: போட்டோஷாப்பில் வானத்தைத் தேர்ந்தெடுத்து, சேனல் பலகையில் சிவப்பை மட்டும் சொடுக்கி, அதற்கு மட்டும், விளிம்புகளை விட்டுவிட்டு மீதியை மங்கலாக்கும் சர்ஃபேஸ் பிளர் கொடுப்பது. பச்சையும் நீலமும் தொடப்படாததால் மெல்லிய மேக இழைகள் அப்படியே நிற்கும். நோய் இருக்கும் இடத்தில் மட்டும் மருந்து.

செயற்கை நுண்ணறிவு வழி இப்போது இதையெல்லாம் முந்திவிட்டது. டிஎக்ஸ்ஓ நிறுவனம் 2020இல் டீப்பிரைம் கொண்டுவந்தது. லைட்ரூமில் டினாய்ஸ் 2023 ஏப்ரலில் வந்தது. ரா கோப்பிலேயே வேலை செய்வதால் இவை வானத்தை அற்புதமாகத் துடைக்கின்றன. எடிட்டின் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். ஆனால் அளவு ஸ்லைடரைக் கடைசிவரை தள்ளாதீர்கள். அளவு மீறினால் தொலைவில் இருக்கும் பறவை இறகிலும் கிளை நுனியிலும் இல்லாத கோடுகளை வரைந்துவிடும்.

மரக்கிளை ஓரத்தில் மட்டும் மணல் வளையம் போல நிற்கிறதே?

மாஸ்க் கிளைக்குச் சற்று முன்பே நின்றுவிட்டது. வானம் வழவழ, கிளையைச் சுற்றி மட்டும் சொரசொர; இது படம் முழுக்க மணல் இருப்பதைவிட அசிங்கமாகத் தெரியும். மாஸ்க்கின் விளிம்பை உள்ளே தள்ளுங்கள். இலைகளுக்கிடையே பொடிப்பொடியாக வானம் தெரியும் படமென்றால் மாஸ்க்கே வேண்டாம். நாய்ஸ் ரிடக்‌ஷனைக் குறைத்து எல்லா இடத்துக்கும் சமமாகப் போட்டுவிடுவது மேல்.

நாய்ஸை முழுக்க எடுத்ததும் வானம் பட்டை பட்டையாகிவிட்டது. இது என்ன புதுத் தொல்லை?

8 பிட் படத்தில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். 6000 பிக்சல் அகலத்தில் வானத்தின் நீலம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வெறும் 30 படிதான் மாறுகிறது என்றால், ஒவ்வொரு படியும் 200 பிக்சல் அகலப் பட்டை. முன்பு மணல் அந்தப் படிகளின் விளிம்பைக் கலைத்து மறைத்துக்கொண்டிருந்தது. மணலை எடுத்தீர்கள், படி தெரிந்துவிட்டது.

அதனால் 16 பிட்டில் வேலை செய்யுங்கள். ராவில் 12 பிட் என்றால் 4096, 14 பிட் என்றால் 16,384 படிகள் இருக்கின்றன, அவற்றை வீணாக்க வேண்டாம். ஜேபெக்காகச் சேமிக்கும் முன் வானத்தின்மேல் மிக மெல்லிய செயற்கை மணலான கிரெய்னைத் தூவுங்கள். பாடுபட்டு நீக்கிவிட்டு மறுபடி தூவுவதா என்று கேட்பார்கள். நீங்கள் நீக்கியது பெருமணல், தூவுவது நுண்பொடி. முகத்துக்கு மாவு பூசியதுபோன்ற அந்தப் பிளாஸ்டிக் வழவழப்பும் அதோடு போய்விடும். அச்சில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பல படங்களை அடுக்கி நாய்ஸைக் குறைக்கலாம் என்கிறார்களே?

முக்காலியும் பொறுமையும் இருந்தால் இதைவிட நேர்மையான வழி இல்லை, ஏனென்றால் இது உண்மையிலேயே கூடுதல் ஒளியைச் சேர்க்கிறது. ஒரே காட்சியை 4 முறை எடுத்துச் சராசரி பார்த்தால் நாய்ஸ் பாதி. 16 முறை எடுத்தால் கால் பங்கு. போட்டோஷாப்பில் அடுக்குகளாக ஏற்றி, ஒன்றோடொன்று பொருத்தி, அடியிலிருந்து மேலே ஒபாசிட்டியை (ஒளிபுகாமை அளவை) 100, 50, 33, 25 என்று வைத்தால் நான்கு படங்களின் சராசரி கிடைத்துவிடும். பொருத்துவதற்கு மென்பொருளுக்கு ஏதாவது பிடிமானம் வேண்டும். வெறும் வானத்தில் அது திணறும். சட்டகத்தில் கொஞ்சம் தரையோ கட்டடமோ இருக்கட்டும். மேகம் ஓடினால் அது இழுபட்டுத் தெரியும். தெளிந்த நீலவானத்துக்கு அந்தக் கவலையும் இல்லை.

சூரியன் மறைந்த பிறகு வரும் அந்த ஆழ்ந்த நீலத்தில் நாய்ஸ் இன்னும் அதிகமாக இருக்கிறதே?

வெளிச்சம் குறைவு என்பது பாதிக் காரணம்தான். அந்த நேரத்து நீலத்துக்கு ராலே சிதறலைவிட ஓசோன்தான் முக்கியக் காரணம் என்று 1953இல் எட்வர்ட் ஹல்பர்ட் காட்டினார். சூரியன் தொடுவானுக்குக் கீழே இருக்கும்போது ஒளி வளிமண்டலத்தைச் சாய்வாக, நெடுந்தூரம் கடந்து வருகிறது. வழியில் ஓசோன் ஆரஞ்சையும் சிவப்பையும் உறிஞ்சிவிடுகிறது. ஆக, பகலில் பஞ்சமாக இருந்த சிவப்பு இப்போது பட்டினி.

முக்காலி, ஐஎஸ்ஓ 100, வேண்டிய அளவு நீண்ட ஷட்டர். கண்ணுக்குத் தெரிவதைவிடக் கொஞ்சம் வெளிச்சமாகவே எடுத்து, பிறகு இறக்குங்கள். எக்ஸ்போஷர் அரை நிமிடத்தைத் தாண்டினால் சிவப்பு, வெள்ளைப் பொட்டுகளாகச் சூட்டுப் பிக்சல்கள் வரும். நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் ரிடக்‌ஷன் வசதி அதே நேர அளவுக்கு ஒரு இருட்டுப் படம் எடுத்து அவற்றைக் கழித்துவிடும். காத்திருப்பு இரட்டிப்பாகும், அவ்வளவுதான்.

போனில் எடுக்கும் வானம்?

பெரும்பாலான போன்களின் முதன்மை சென்சார் பரப்பு, 36க்கு 24 மில்லிமீட்டர் முழுச்சட்டக சென்சாரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைச் சமாளிக்கப் போன் தானாகவே பல படங்களை எடுத்து அடுக்குகிறது. அடுக்கி முடியும்வரை ஒரு நொடி கையை ஆட்டாமல் நில்லுங்கள். முதன்மை லென்ஸிலேயே எடுங்கள். விரலால் விரித்துப் பெரிதாக்க வேண்டாம், பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

பெரிய சென்சார் கேமரா வாங்கினால் தீர்ந்துவிடுமா?

குறையும், தீராது. சிவப்புப் பஞ்சம் வானத்தில் இருக்கிறது, கேமராவில் இல்லை. எக்ஸ்போஷர் பழக்கத்தை மாற்றாமல் கேமராவை மாற்றினால் ஒரு ஸ்டாப் அளவுக்குத்தான் லாபம்.

100 சதவீதத்தில் பார்த்தால் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. விட்டுவிடலாமா?

படம் எங்கே போகிறது என்று பாருங்கள். 6000 பிக்சல் அகலப் படத்தை 1500 பிக்சலாகச் சுருக்கினால் 16 பிக்சல்கள் கூடி ஒன்றாகின்றன. 16 படங்களை அடுக்கியதுபோல நாய்ஸ் கால் பங்காகிவிடும். திரையில் பகிர மட்டும் என்றால் பெரும்பாலும் ஒன்றுமே செய்யவேண்டியதில்லை. சுவரில் மாட்டும் பெரிய அச்சு என்றால், வானத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் அதே அளவில் அச்சிட்டுக் கைநீளத்தில் பிடித்துப் பாருங்கள். திரையில் என்னைத் தூங்கவிடாத மணல் பலமுறை தாளில் காணாமலே போயிருக்கிறது. படங்களை வாங்கும் நிறுவனங்களுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் மட்டும் 100 சதவீதத்தில் சுத்தம் பாருங்கள். அவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ரா இல்லை, பழைய ஜேபெக் ஒன்றுதான் கையில் இருக்கிறது. ஏதாவது வழி உண்டா?

உண்டு. முதலில் பிரதி எடுத்து 16 பிட்டுக்கு மாற்றுங்கள். வானத்தைத் தேர்ந்தெடுத்து மேலே சொன்னபடி சிவப்பு சேனலுக்கு மட்டும் மெல்லிய பிளர் கொடுங்கள். கட்டங்கள் தெரிந்தால் நீலத்துக்கும் அதில் பாதி அளவு கொடுக்கலாம், ஜேபெக் சுருக்கம் அங்கேதான் அதிகம் வெட்டியிருக்கும். பச்சையைத் தொடாதீர்கள்; மேகத்தின் உருவம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. கடைசியில் கொஞ்சம் கிரெய்ன். பிறகு உயர்ந்த தரத்தில் ஒரே ஒருமுறை சேமித்துவிட்டு, மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள்.